கலினாகோ ஊரில் தங்கப் போகிறீர்களா? டொமினிக்கா ஹோம்ஸ்டே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் என்றதும் வெள்ளை மணல், நீலக் கடல், சாய்வு நாற்காலி என்று மனசு ஓடினால் இந்தப் பக்கம் கொஞ்சம் ஏமாற்றும். டொமினிக்கா தீவின் கிழக்குக் கரையில் கலினாகோ மக்கள் வாழும் ஊர்களில், அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, நடந்து, கூடை முடைவதையும் மரவள்ளி ரொட்டி சுடுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர நினைப்பவர்களுக்கானது இது. கிளம்புவதற்கு முன் எல்லாரும் கேட்கும் கேள்விகளைத்தான் எடுத்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும், பிடிக்காததைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும் ஒன்றுதானே?

இல்லை. டிக்கெட் போடும்போது இதில் கோட்டை விட்டால் வேறு நாட்டில் போய் இறங்குவீர்கள். டொமினிக்கன் குடியரசு பெரிய நாடு, அங்கே ஸ்பானிஷ் பேசுவார்கள். நாம் பேசும் டொமினிக்கா சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்பும் 70,000 பேர் அளவு மக்களும் கொண்ட குட்டித் தீவு நாடு, குவாதலூப்புக்கும் மார்டினிக்குக்கும் நடுவில் இருக்கிறது. 1978 நவம்பர் 3 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் ரோசோ. ஆட்சிமொழி ஆங்கிலம், வீட்டிலும் தெருவிலும் பிரெஞ்சு வழிவந்த குவெயோல் மொழியும் புழங்கும். விமான டிக்கெட்டில் டக்ளஸ்–சார்லஸ் விமான நிலையம், குறியீடு டிஓஎம் என்று இருக்கிறதா என ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

கலினாகோ மக்கள் யார்?

கொலம்பஸ் 1493-ல் இந்தத் தீவைக் கண்டபோது இங்கே இருந்தவர்கள். அவர்கள் இதை வைத்துகுபுலி என்று அழைத்தார்கள். செங்குத்தான மலையும், இவர்கள் கொடுத்த எதிர்ப்பும் சேர்ந்து ஐரோப்பியர்களை நீண்ட காலம் உள்ளே விடவில்லை. 1660-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமே டொமினிக்காவையும் செயின்ட் வின்சென்டையும் இவர்களுக்கென விட்டுவைத்தது. அப்புறம் வழக்கமான கதைதான், ஒப்பந்தம் காற்றில் போய் 1763-ல் தீவு பிரிட்டன் கைக்கு வந்தது.

1903-ல் ஹெஸ்கெத் பெல் என்ற பிரிட்டிஷ் நிர்வாகி கிழக்குக் கரையில் 3,700 ஏக்கரை இவர்களுக்கென்று ஒதுக்கினார். இன்று அங்கே சுமார் 3,000 பேர் இருக்கிறார்கள். பட்டாக்கா, கிரேஃபிஷ் ரிவர், சலிபியா, சினெகு, கான்கார்ட் என்று சாலையோரமாக எட்டுச் சின்ன ஊர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வைத்துத் தலைவரையும் கவுன்சிலையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 1930-ல் கடத்தல் பொருளைத் தேடுகிறோம் என்று போலீஸ் உள்ளே வந்து, கலவரமாகி, இரண்டு கலினாகோக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் கலினாகோ வாரம் என்று கொண்டாடுவது அந்த நினைவை ஒட்டித்தான். 2023-ல் நாட்டின் குடியரசுத் தலைவராக வந்த சில்வானி பர்ட்டன் கலினாகோ பெண், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கலினாகோவும் அவர்தான்.

பழைய புத்தகங்களில் இவர்கள் பெயர் 'கரிப்' என்று இருக்கும். 2015-ல் பகுதியின் பெயரையே சட்டப்படி கலினாகோ பிரதேசம் என்று மாற்றிவிட்டார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இவர்கள் மனிதரைத் தின்றவர்கள் என்ற பழைய நரமாமிசக் கதையை நகைச்சுவையாகக்கூட எடுக்க வேண்டாம். ஐநூறு வருடமாக அதைக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள்.

சமூகச் சுற்றுலா என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்? ரிசார்ட்டில் தங்கிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்தால் போதாதா?

போதும் என்று நினைப்பவர்களுக்குப் போதும். ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ரிசார்ட்டில் கொடுப்பதில் பெரும்பங்கு முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் போய்விடும். ஊர்க்காரர் வீட்டில் தங்கினால் அறை வாடகை அந்த வீட்டுக்கு, சாப்பாட்டுக் காசு பக்கத்துத் தோட்டத்துக்கு, நடைப்பயணக் காசு அந்த ஊர் வழிகாட்டிக்கு.

கலினாகோ பிரதேசத்தில் இது இன்னும் கெட்டியாக இருக்க ஒரு காரணம் உண்டு: அங்கே நிலம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. பட்டா கிடையாது. மொத்தமும் ஊர்ப் பொது. ஒருவர் வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம், ஆனால் மண்ணை விற்க முடியாது. அதனால் வெளியூர்க்காரர் வந்து பத்து ஏக்கர் வாங்கி ஓட்டல் கட்டுவது என்ற பேச்சே இல்லை. சுற்றுலாவில் வருவது எதுவானாலும் ஊர்க்காரர் கைவழியாகத்தான் வந்தாக வேண்டும். இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிலத்தை அடமானம் வைக்க முடியாது, ஆகவே பேங்க் கடன் லேசில் கிடைக்காது. விருந்தினர் அறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கைக்காசைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால், பூசாத சுவரைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டீர்கள்.

விசா? எப்படிப் போவது?

இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாகப் போக டொமினிக்காவுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். திரும்பும் டிக்கெட்டும், தங்கும் இடத்தின் விவரமும் கையில் இருக்கட்டும், குடிவரவில் கேட்பார்கள். ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரரின் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது நடுவழியில்தான். அமெரிக்கா வழியாகப் போனால், மயாமியில் விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால் அவர்களுடைய டிரான்சிட் விதியைப் பார்க்க வேண்டும், விமானநிலையம் மாறுகிறீர்களா, கையில் வேறு என்ன விசா இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். லண்டனிலிருந்து பார்படோஸ், அங்கிருந்து சின்ன விமானத்தில் டொமினிக்கா என்பது பலர் பிடிக்கும் பாதை. பார்படோஸுக்கும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. மயாமியிலிருந்து நேரடி விமானம் உண்டு. விதிகள் மாறுபவை என்பதால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஏஜெண்ட் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். தீவுக்குத் தீவு போகும் சின்ன விமானங்களில் பெட்டி எடை விஷயத்தில் கறாராக இருப்பார்கள்.

பலர் யோசிக்காத விஷயம் ஒன்று. விமான நிலையம் தீவின் வடகிழக்கில் இருக்கிறது, தலைநகர் ரோசோ தென்மேற்கில். கலினாகோ பிரதேசம் விமான நிலையத்துக்குத்தான் பக்கம், அரைமணி நேரம் அளவு. ஆகவே இறங்கியதும் ரோசோவுக்கு ஓடி, மறுபடி கிழக்கே வந்து, மலைப்பாதையில் இரண்டு தடவை வயிற்றைக் கலக்கிக்கொள்ளாமல், முதல் சில இரவுகளைக் கலினாகோ ஊரிலேயே வைத்துவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

பிப்ரவரியிலிருந்து மே வரை மழை குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. இந்தத் தீவில் மலை உச்சியில் எப்போதும் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பர் 18 இரவில் மரியா புயல் ஐந்தாம் வகைப் பலத்தோடு இந்தத் தீவை அடித்தது, கூரை தப்பிய வீடுகள் குறைவு. ஆகஸ்ட், செப்டம்பரில் போயே ஆக வேண்டும் என்றால் டிக்கெட் மாற்றக்கூடியதாக இருக்கட்டும், வீட்டுக்காரரிடமும் "புயல் வந்தால் முன்பணம் என்ன ஆகும்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அக்டோபர் கடைசி வாரமும் விடுதலை நாளை ஒட்டிய நாட்களும் ஆட்டம் பாட்டம் என்று தீவே களைகட்டும், அப்போது அறை கிடைப்பது கஷ்டம்.

ஹோம்ஸ்டேயை எப்படிப் பதிவு செய்வது? என்னென்ன கேட்க வேண்டும்?

அரசின் சுற்றுலா அமைப்பான டிஸ்கவர் டொமினிக்கா அத்தாரிட்டி வழியாகக் கேட்கலாம், கலினாகோ கவுன்சில் வழியாகவும் கேட்கலாம். சில வீடுகள் வழக்கமான பதிவுத் தளங்களிலும் இருக்கும். எந்த வழியில் கண்டுபிடித்தாலும் கடைசியில் வீட்டுக்காரரோடு நேரடியாகப் பேசுங்கள், வாட்ஸ்அப் போதும். பதில் வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அவர் தோட்டத்தில் இருப்பார். "ஹலோ, எனி அப்டேட்?" என்று மணிக்கு ஒரு தரம் குத்த வேண்டாம்.

கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வாடகையில் எத்தனை வேளைச் சாப்பாடு சேர்ந்திருக்கிறது, கழிப்பறை தனியா பொதுவா, வெந்நீர் உண்டா, விமான நிலையத்துக்கு யார் வருவார்கள், அந்த வண்டிக்கு எவ்வளவு, கூடை முடைவதோ நடைப்பயணமோ தனிக் கட்டணமா, பணம் ரொக்கமா வேறு வழியா. நம்மூர் ஆட்கள் இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, போன பிறகு ஒவ்வொன்றுக்கும் மனத்தாங்கல் படுவார்கள். முதலிலேயே பேசுவதுதான் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை.

உங்கள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதும் இருக்கிறது: எத்தனை பேர், என்ன சாப்பிட மாட்டீர்கள், யாருக்கு முட்டி வலி, எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள். விமானம் தாமதமானால் செய்தி அனுப்புங்கள். உங்களுக்காக ஒருவர் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

வீடு எப்படி இருக்கும்? கூரைக் குடிசையா?

இல்லை. ஓலை வேய்ந்த கூடங்களைப் பார்க்க வேண்டுமானால் கிரேஃபிஷ் ரிவரில் இருக்கும் கலினாகோ பரானா ஔத்தே என்ற மாதிரிக் கிராமத்துக்குப் போகலாம். 2006-ல் திறந்தது, கட்டணம் உண்டு, வழிகாட்டியோடு சுற்றலாம், ஆட்டமும் நடக்கும். ஆட்டத்துக்குப் போடும் உடை ஆட்டத்துக்கு மட்டும்தான். ஊரில் எல்லாரும் உங்களைப் போல ஜீன்ஸும் டி-ஷர்ட்டும்தான், கையில் போனும் இருக்கும். கான்கார்டில் தூனா என்று ஒரு குடியிருப்பு உண்டு, அங்கே மக்கள் வாழும் வீடுகளுக்கே போய் அவரவர் வேலையைப் பார்க்கலாம். எனக்குக் கேட்டால் இரண்டாவது வகைக்குத்தான் ஓட்டு.

தங்கும் வீடு கான்கிரீட்டோ மரமோ, தகரக் கூரையோடு இருக்கும். இரவில் மழை பெய்தால் தகரத்தில் காது கிழியும், பழகிவிடும். கொசுவலை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் 230 வோல்ட், நம்மூர் சார்ஜர் அப்படியே வேலை செய்யும், ஆனால் சாக்கெட் பிரிட்டிஷ் மாதிரி, சதுரக் கால்கள் மூன்று, அதற்கான அடாப்டர் வேண்டும். கரண்ட் போவதும் உண்டு, டார்ச்சும் பவர் பேங்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். டிஜிசெல், ஃப்ளோ இரண்டு கம்பெனி சிம்மும் தீவில் கிடைக்கும்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டும். வெறுமனே 'மீட் வேண்டாம்' என்றால் மீன் வந்து நிற்கும். மீன், கோழி, முட்டை, கருவாடு எது எது கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கல்லலூ என்று சேப்பங்கீரையில் பச்சையாக, கெட்டியாக ஒரு சூப் வைப்பார்கள், நாட்டின் தேசிய உணவே அதுதான், அருமையாக இருக்கும். ஆனால் அதில் நண்டோ உப்புக்கண்டமோ போடும் வழக்கம் உண்டு. பீன்ஸ் குழம்பிலும் அப்படித்தான். நமக்குத் துணையாக ஒரு விஷயம் இருக்கிறது: ஜமைக்காவில் பிறந்த ராஸ்தஃபாரி மார்க்கத்தாரின் 'ஐட்டல்' சாப்பாடு தீவில் எல்லாருக்கும் தெரியும். அதில் இறைச்சி இருக்காது, பலர் உப்புகூடச் சேர்க்க மாட்டார்கள். "ஐட்டல் மாதிரி சமையுங்கள், உப்பு மட்டும் போடுங்கள்" என்றால் சட்டென்று புரிந்துவிடும்.

மற்றபடி நமக்குத் தெரிந்த காய் கிழங்குதான் அங்கேயும். சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், சீமைப்பலா. எல்லாவற்றையும் வேகவைத்து 'புரொவிஷன்' என்ற பெயரில் தட்டில் குவிப்பார்கள். காரம் தனியாகப் பாட்டிலில் வரும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிய பாக்கெட்டாகக் கொண்டு போங்கள். கறிவேப்பிலை, பழம், விதை, செடி எதுவும் வேண்டாம், விவசாயத்தை நம்பியிருக்கும் தீவு, தாவர நோய் வந்துவிடும் என்று சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் பொதுவாகக் குடிக்கும்படி இருக்கும், பெருமழைக்கு அடுத்த நாள் மட்டும் வீட்டில் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

அங்கே நாள் முழுக்க என்ன செய்வது?

மரவள்ளி ரொட்டி சுடும் இடத்தில் அரைநாள் உட்காருங்கள் என்பேன். அவர்கள் பயன்படுத்துவது கசப்பு மரவள்ளி, பச்சையாகச் சாப்பிட்டால் விஷம், சயனைடு இருக்கிறது. தோல் சீவி, துருவி, சாற்றை ஒட்டப் பிழிந்தெடுத்தால்தான் ஆகும். பிழிவதற்கென்றே நாணலில் நீளமான குழல் ஒன்று முடைந்திருப்பார்கள். ஈரத் துருவலை அதில் அடைத்து, மேல்முனையைக் கட்டித் தொங்கவிட்டு, கீழ்முனையில் பாரம் ஏற்றினால் குழல் நீண்டு ஒடுங்கி, சாறு பின்னலின் இடுக்கு வழியே வடியும். இப்போது துருவுவதற்கு மோட்டார் வைத்திருப்பவர்கள் உண்டு, பிழிவதற்கும் வேறு ஏற்பாடுகள் வந்துவிட்டன, ஆனால் பழைய குழலையும் எடுத்துக் காட்டுவார்கள். பிழிந்ததைச் சலித்து, விறகடுப்பின் மேல் இருக்கும் அகலமான இரும்புத் தட்டில் மாவாகவே பரப்புகிறார்கள். தண்ணீர் ஊற்றுவதில்லை, எண்ணெய் விடுவதில்லை. சூட்டில் அந்த மாவே ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் முறுகி, பெரிய கல்தோசை மாதிரி எழும்பி வருகிறது. தேங்காய் சேர்த்துச் சுட்டதைச் சூடாகத் தின்ன வேண்டும், ஆறினால் தாடை வலிக்கும்.

கூடையும் அப்படித்தான், கடையில் பார்ப்பது வேறு, முடைபவர் பக்கத்தில் இருப்பது வேறு. லரூமா என்ற நாணலை மலையிலிருந்து வெட்டி வந்து, கத்தியால் நீளவாக்கில் வகிர்ந்து, உள்சோற்றைச் சுரண்டிப் பிளாச்சு எடுக்கிறார்கள். வெயிலில் காய்ந்தால் செம்பழுப்பு, சேற்றில் புதைத்து வைத்தால் கறுப்பு, உள்பக்கம் வெளிர்மஞ்சள். இந்த மூன்று நிறத்திலேயே அத்தனை கோலமும் வந்துவிடுகிறது. பழைய பாணிக் கூடைகள் இரட்டை அடுக்கு, நடுவில் இலை வைத்து முடைவதால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. நீங்களும் முயன்று பார்க்கலாம், பிளாச்சின் ஓரம் விரலைக் கிழிக்கும், கவனம்.

நடக்கப் பிடித்தால் வைத்துகுபுலி தேசிய நடைபாதை இருக்கிறது. தெற்கு முனையிலிருந்து வடக்கு வரை சுமார் 185 கிலோமீட்டர், 14 பகுதிகள், ஆறாவது பகுதி கலினாகோ ஊர்கள் வழியாகவே போகிறது. ஏற்ற இறக்கம் சும்மா இல்லை, ஆற்றை ஆற்றைக் கடக்க வேண்டும். பாதைக்கு அனுமதிச் சீட்டு உண்டு, ஊர் வழிகாட்டியை அழைத்துக்கொண்டு போங்கள். சினெகுவில் எரிமலைக் குழம்பு இறுகி, படிப்படியாகக் கடலுக்குள் இறங்கும் பாறை ஒன்று இருக்கிறது, லெஸ்கலியே தேத் ஷியன் என்பார்கள். கடலிலிருந்து பெரும்பாம்பு ஏறி வந்த படி என்று கதை. அந்தக் கதையைப் பலகையில் படிப்பதைவிட ஊர்க்காரர் சொல்லக் கேளுங்கள், ஒவ்வொருவர் சொல்வதும் கொஞ்சம் மாறும்.

பிறகு, ஒரு நாளையாவது திட்டமே இல்லாமல் விட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு இது, பத்து மணிக்கு அது என்று நேரக்கணக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வந்து சொல்பவர்கள்.

பணம் எப்படிக் கொண்டு போவது? விலை பேசலாமா?

கிழக்குக் கரீபிய டாலர்தான் நாணயம். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976-லிருந்து கட்டி வைத்திருக்கிறார்கள், மாறாது. அமெரிக்க டாலரையும் வாங்கிக்கொள்வார்கள், மீதியை உள்ளூர்க் காசில் தருவார்கள். விலை சொல்லும்போது எந்த டாலர் என்று கேட்டுவிடுங்கள், ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். ரோசோவுக்கோ வடக்கே இருக்கும் போர்ட்ஸ்மவுத்துக்கோ போகும்போது ஏடிஎம்மை முடித்துவிடுங்கள், இறங்கியதும் நேராகக் கிராமத்துக்குப் போவதானால் அமெரிக்க டாலரைச் சில்லறை நோட்டாகக் கொண்டு போங்கள்.

பேரம் பேச வேண்டாம். நாணல் வெட்டுவதிலிருந்து கூடை முடிவது வரை பல நாள் உழைப்பு, சாலையோரக் கடையில் அதை வைத்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் முடைந்தவரே அல்லது அவர் வீட்டு ஆள். ரங்கநாதன் தெருப் பழக்கத்தை அங்கே காட்டி ஐந்து டாலர் குறைத்து என்ன ஆகப் போகிறது? கட்டுப்படியாகவில்லை என்றால் சின்னதாக ஒன்று வாங்குங்கள்.

உடை, பேச்சு, போட்டோ?

முதலில் வணக்கம். கடைக்குள் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் "குட் மார்னிங்" சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு. நேராக "தண்ணி பாட்டில் இருக்கா?" என்று ஆரம்பித்தால் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இருட்டிய பிறகு யாரையாவது பார்த்தால் சந்திக்கும்போதே "குட் நைட்" என்பார்கள், பேச்சை முடிக்கிறார்களோ என்று திகைக்க வேண்டாம்.

நீச்சலுடையோடு ஊருக்குள் திரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எல்லாரும் நன்றாக உடுத்திப் போவார்கள், உங்களைக் கூப்பிட்டால் ஒரு நல்ல சட்டை தேவைப்படும். ராணுவப் புள்ளி போட்ட துணி எதுவும் எடுத்துப் போகாதீர்கள், குழந்தைகளுடையதுகூட. டொமினிக்காவில் பொதுமக்கள் அதை அணியச் சட்டம் அனுமதிப்பதில்லை.

போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஜூம் போட்டுத் தூரத்திலிருந்து எடுப்பதும் கேட்காமல் எடுப்பதுதான்.

கடல், பாம்பு, கொசு? பயமாக இருக்கிறது.

பாம்புக்குப் பயப்பட வேண்டாம், விஷப்பாம்பே இந்தத் தீவில் கிடையாது. தேத் ஷியன் என்ற மலைப்பாம்பு வகை உண்டு, அது தன் வழியில் போய்விடும். கொசுவுக்குப் பயப்படுங்கள், டெங்கு உண்டு.

கடல்தான் பெரிய விஷயம். கலினாகோ பிரதேசம் அட்லாண்டிக் பக்கம் இருக்கிறது, அலை முரட்டுத்தனமானது, நீந்துவதற்கானதல்ல. ஊர்க்காரர்கள் குளிப்பது ஆற்றில். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஆறு என்று பெருமையாகச் சொல்வார்கள், பஞ்சமே இல்லை. ஆனால் மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இலைச் சருகு அடித்து வந்தாலோ பேச்சே இல்லை, உடனே கரை ஏறிவிடுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ரோசோவில். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துப் போங்கள். பயணக் காப்பீட்டில் வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவும் அடக்கமா என்று பாருங்கள்.

அம்மா அப்பாவையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

குழந்தைகள் தாராளமாக, அங்கே குழந்தைகளோடு போனால் ஊரே பேசும். முட்டி வலி உள்ள பெரியவர்கள் என்றால் வீட்டுக்குப் படி எத்தனை, சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுவிடுங்கள். அங்கே சமதரை என்பதே அபூர்வம்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா கொண்டு போகட்டுமா?

வேண்டாம். வருகிறவர்கள் எல்லாரும் தெருவில் நின்று கொடுத்துக் கொடுத்து, பிள்ளைகளைக் கை நீட்ட வைத்துவிடுவார்கள். உண்மையிலேயே ஏதாவது செய்ய ஆசையென்றால் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் வழியாகவே கொடுங்கள். வீட்டுக்காரருக்கு நம்மூர் ஏலக்காய்ப் பொடி, மிளகுப் பொடி, சின்னக் கைத்தறித் துண்டு போதும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா, ஸ்டைரோஃபோம் டப்பா போன்ற ஒருமுறைப் பொருட்களை 2019-லிருந்து தடை செய்திருக்கிறார்கள், துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

உள்ளூரில் எப்படிச் சுற்றுவது?

மினிபஸ்தான் மலிவு, நம்பர் பிளேட் 'எச்' எழுத்தில் ஆரம்பித்தால் வாடகை வண்டி என்று அர்த்தம். காலையில் ஊரிலிருந்து ரோசோவுக்கும் மதியத்துக்கு மேல் திரும்பவும் என்ற கணக்கில் ஓடும், ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள். கார் எடுத்தால் நம்மைப் போல இடதுபக்கம்தான், உள்ளூர்த் தற்காலிக உரிமம் சின்னக் கட்டணத்துக்குக் கிடைக்கும். வளைவில் ஹாரன் அடியுங்கள். இரவில் ஓட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

நாங்கள் க்ரூஸ் கப்பலில் வருகிறோம், ரோசோவில் ஒரு பகல்தான்.

போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் ஆட்டம் ஒன்று, கடை ஒன்று, அவ்வளவுதான் மிஞ்சும். அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன், கூடை வாங்கினால் அந்தக் காசு ஊருக்குத்தான் போகிறது. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது குறைவு. கப்பல் போர்ட்ஸ்மவுத் பக்கம் நின்றால் அங்கே இண்டியன் ரிவரில் படகில் போகலாம். மோட்டாருக்கு அனுமதியில்லை, உள்ளூர் வழிகாட்டிகள் துடுப்புப் போட்டே அழைத்துப் போவார்கள், வேர்கள் இரண்டு கரையிலும் தண்ணீருக்குள் சுருண்டு இறங்கியிருக்கும்.

தமிழ்த் தொடர்பு ஏதாவது உண்டா?

டொமினிக்காவில் கண்ணுக்குத் தெரிவது துணிதான். அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை குவெயோல் நாள், பள்ளிப் பிள்ளைகள் முதல் அலுவலகம் வரை எல்லாரும் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியில் வருவார்கள். தேசிய உடையே அந்தத் துணியில்தான். காலனி காலத்தில் சென்னைப் பக்கத்துக் கைத்தறி கப்பலேறிப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. "நான் மெட்ராஸ்காரன்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

ஆட்களாகத் தொடர்பு வேண்டுமென்றால் பக்கத்துத் தீவு குவாதலூப்புக்குப் போக வேண்டும். 1854-லிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் நிறைய, அவர்களுடைய வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. காப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரில் ஷாங்கி என்ற இடத்தில் கோயில் இருக்கிறது, 'கொலம்போ' என்ற பெயரில் மசாலாக் குழம்பும் கிடைக்கும். ரோசோவிலிருந்து படகு போகிறது. ஆனால் குவாதலூப் பிரான்சின் பகுதி, அதே சமயம் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் பகுதிக்குள், சேராதது. கையில் இருக்கும் சாதாரண ஷெங்கன் விசாவை நம்பிப் படகுத்துறைக்குப் போய் நிற்காதீர்கள், பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவிலேயே எழுதியிருக்க வேண்டும். அதற்கு இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

துணி எத்தனை செட்?

குறைவாக, சீக்கிரம் காய்கிற துணியாக. ஜீன்ஸ் ஒன்று நனைந்தால் ஊருக்குத் திரும்பும் வரை ஈரமாகவே இருக்கும். மழைக்கோட்டு, வழுக்காத ஷூ, ஆற்றில் நடக்கப் பட்டை வைத்த செருப்பு, எல்லாவற்றையும் போட்டு வைக்கத் தண்ணீர் புகாத பை ஒன்று. குடையை விட்டுவிடலாம், அந்தக் காற்றுக்கு நிற்காது.